வலப்பக்கக் கிழிசல்

மாஸ்டரின் பைக்கை அதன் கம்பெனிப் பெயரால் யாரும் சொன்னதில்லை. மெத்தை வண்டி என்றுதான் சொன்னார்கள். பெட்ரோல் டேங்கின் இரண்டு பக்கமும் தலையணை மாதிரிப் புடைத்துக்கொண்டு, முன்னாலிருக்கும் இரும்புக் கம்பியில் டியூப் ரப்பரைச் சுற்றிக்கொண்டு, கைப்பிடி முனை இரண்டிலும் ரப்பர் பந்தைச் செருகிக்கொண்டு அது ரோட்டில் போனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று சிரிக்கும். "என்ன மாஸ்டர், வண்டிக்குக் குளிர்க்காய்ச்சலா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். "வராம இருக்கத்தான் போர்வை" என்பார் அவர்.

அந்தப் போர்வையைத் தைத்தவள் அவர் மனைவி. சீட் கவர் தைப்பது அவள் தொழில். வீட்டின் முன்னறை முழுக்க அதுதான் கிடக்கும். ஜன்னலோரம் கனத்த துணி தைக்கிற பெரிய மெஷின், சுவரில் சாய்த்த ரெக்ஸின் சுருள்கள், மூலையில் மலையாகக் குவிந்த துண்டு ஃபோம். வருகிறவர்கள் உட்கார நாற்காலி கிடையாது; பிரித்துப்போட்ட ஏதாவது ஒரு பைக் சீட்டில்தான் உட்கார வேண்டும். சாப்பாட்டில்கூடச் சில நாள் பஞ்சு விழும். மகள் அதை விரலால் எடுத்துத் தட்டோரத்தில் வைத்துவிட்டு, படித்துக்கொண்டிருக்கிற புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிடுவாள்.

மாஸ்டர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊர்க்கோடியில் பூட்டிக்கிடந்த ஒரு கிடங்கின் பின்னால் சிமெண்டுத் தரை உண்டு. மூன்று பக்கமும் மதில். அதுதான் அவருடைய பள்ளிக்கூடம். மற்ற இடங்களில் திட்டு வாங்கி ஓடிவந்தவர்களெல்லாம் கடைசியில் அவரிடம்தான் வந்து சேர்வார்கள். ஒருமுறை விழுந்து எழுந்து அதற்கப்புறம் ஹேண்டில்பாரைத் தொடாத ஆண்கள், பிள்ளைகள் பெரியவர்களான பிறகு கற்றுக்கொள்ள ஆசைப்பட்ட பெண்கள். முதல் நாள் அவர் என்ஜினைக் கிளப்பவே மாட்டார். சும்மா தள்ளிக்கொண்டு நடக்கச் சொல்லி, தான் மறுபக்கம் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார். "அதோட கனம் உங்க கைக்குப் பழகட்டும். அவசரமே இல்ல" என்பார். கொஞ்சம் பழகியதும் ஆளை முன்னால் உட்காரவைத்து, தான் பின்னால் ஏறி, இரண்டு பக்கமும் கையை நீட்டி அவர்கள் கையின் மேல் தன் கையை வைத்துக்கொள்வார். அந்தக் கை மேலிருந்தால் போதும், பயம் போய்விடும் என்று அவரிடம் படித்தவர்கள் எல்லாருமே சொல்வார்கள்.

முன்பு ஒரு பழைய வண்டி வைத்திருந்தார். அதில் நசுங்காத இடம் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் ஏறுவதற்கு முன்னால் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்கள். டேங்கில் குழி, சைலன்ஸரில் தேய்ப்பு, ஒடிந்து ஒட்டவைத்த இண்டிகேட்டர். ஒரு அம்மாள், "இத்தனை பேர் விழுந்த வண்டியா இது?" என்று கேட்டுவிட்டு வந்த வழியே போய்விட்டாள். அன்று சாயங்காலம் மாஸ்டர் முன்னறையில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, புது வண்டி எடுக்கணும். எடுத்து அதுல ஒரு கீறல் விழாம வச்சுக்கணும்."

"விழப் பழகுற வண்டியில கீறல் விழாம எப்படிங்க?"

"அதுக்குத்தான் உன்கிட்ட வந்து உக்காந்திருக்கேன்."

வண்டி வந்த அன்றைக்கு இருவரும் அதைத் தெருவில் பழைய மெத்தை ஒன்றைப் போட்டு, அதன் மேல் மெதுவாகச் சாய்த்துப் பார்த்தார்கள். எது முதலில் தரையைத் தொடுகிறது என்று அவர் விரல்வைத்துக் காட்டக் காட்ட, அவள் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டாள். கைப்பிடி முனை, பிரேக் லீவரின் நுனி, கால் வைக்கிற கம்பி, டேங்கின் தோள். கண்ணாடி இரண்டையும் கழற்றி வைத்தார்கள். லீவர் பிடித்திருக்கிற கவ்வியின் திருகைச் சற்றுத் தளர்த்தி வைத்தார் மாஸ்டர். விழுந்தால் லீவர் ஒடியாமல் சுழன்று கொடுத்துவிடும். டேங்குக்கு அவள் இரண்டு அடுக்கு ஃபோம் வைத்து, மேலே கறுப்பு ரெக்ஸின் போட்டு, அடியில் வார் கோத்து இறுக்கினாள். மகள் கல்லூரியிலிருந்து வந்து வாசலில் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அம்மா, வண்டி எத்தனை மாசம்?"

மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அப்படிச் சிரித்ததாக மாஸ்டரின் மனைவிக்கு நினைவில்லை.

வாரக் கடைசியில் அவள் வண்டியின் ரெக்ஸின் சட்டையைக் கழற்றி, கிழிந்த இடத்தை ஒட்டுப்போட்டுத் திரும்ப மாட்டுவாள். கிழிசலைப் பார்த்தால் எப்படிக் கிழிந்தது என்று அவளுக்குத் தெரியும். அது தொழில் பழக்கம். கற்றுக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இடது காலை ஊன்றி நிற்கப் பழகுகிறவர்கள். கால் தவறினால் வண்டி இடப்பக்கம்தான் சாயும். அதனால் இடப்பக்கத்து ரெக்ஸின் தேய்ந்து வெளுத்திருக்கும், வலப்பக்கம் புதிதாகவே கிடக்கும். பல மாதம் அப்படித்தான் இருந்தது.

பிறகு வலப்பக்கம் கிழிய ஆரம்பித்தது.

முதலில் ஒரு சின்னப் பிளவு. அடுத்த வாரம் இன்னொன்று, நீளமாக, சொரசொரப்பான தரையில் இழுபட்ட மாதிரி. அவள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்திருக்கிற ஆள் விழுந்தால் இப்படிக் கிழியாது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர் இடப்பக்கத்தில் நடப்பார். அவர் பிடி நழுவினால்தான் வண்டி அந்தப் பக்கமாக, வலது பக்கமாக, அவரை விட்டு விலகி விழும். காலையில் வீட்டிலிருந்து சந்து வழியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவரும், சாயங்காலம் தள்ளிக்கொண்டு வருகிறவரும் ஒரே ஆள்தான்.

"வலப்பக்கம் கிழிஞ்சிருக்கே" என்றாள் அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது.

"ஒருத்தர் விழுந்துட்டார்" என்றார் மாஸ்டர், தட்டைப் பார்த்துக்கொண்டு.

அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. வலப்பக்கத்துக்கு மட்டும் இன்னொரு அடுக்கு ஃபோம் வைத்துத் தைத்தாள்.

அதற்கப்புறம் வீட்டுக்குள் அவள் கண்ணில் ஒவ்வொன்றாகப் பட்டது. டீ டம்ளரை அவர் இடக்கையால் வாங்க ஆரம்பித்திருந்தார். சட்டைப் பொத்தான் போட ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு வெகுநேரம் எடுத்துக்கொண்டார். டிவி பார்க்கையில் வலக்கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தார். தூங்கும்போது மட்டும் அந்தக் கை அசையாமல் கிடந்தது. விழித்திருக்கையில், சும்மா மடியில் கிடக்கும்போது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுகிற மாதிரி ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன.

கேட்டிருக்கலாம். கேட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தாள். வெளியில் தெரிந்தால் கிடங்குப் பக்கம் ஒரு ஆள் வரமாட்டான். கை நடுங்குகிறவரிடம் யார் வண்டி கற்றுக்கொள்வார்கள்? மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். அதுவரைக்கும் ஓட்டிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு வாரமும் வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் புடைத்தது.

அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தவள்தான் நர்ஸ். ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. சின்ன உருவம், வேகமான பேச்சு. ராத்திரி டியூட்டி முடிந்தால் விடிகிற வரைக்கும் பஸ் கிடையாது. வீட்டில் புருஷனுடைய பைக் நிற்கிறது. அவன் வந்து அழைத்துப்போகவும் மாட்டான், அவள் ஓட்டுவதையும் விரும்பமாட்டான். "என்னைக்காவது ஒரு நாள் அந்த வண்டிய எடுத்துக்கிட்டு வாசல்ல போய் நிக்கணும் மாஸ்டர். அவர் மூஞ்சிய நான் பாக்கணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். மாஸ்டருக்கு அவளைப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்தும் அவள் பேச்சையே பேசினார். "விழுந்தா சிரிக்குது அந்தப் பொண்ணு. அப்படிப்பட்ட ஆளு ஒரே மாசத்துல ஓட்டிரும்."

ஒரு நாள் சாயங்காலம் நர்ஸ் வீட்டுக்கே வந்தாள். தோள்பை வார் அறுந்துவிட்டதாம். மழை தொடங்கியிருந்தது. குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, பிரித்துப்போட்ட ஒரு சீட்டின் மேல் உட்கார்ந்தாள். மாஸ்டர் கடைக்குப் போயிருந்தார்.

தையல்காரி வாரை மெஷினில் கொடுத்துத் தைத்தாள். இரண்டு நிமிட வேலை. தைத்து முடித்த பிறகும் நர்ஸ் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"மாஸ்டருக்கு உடம்புக்கு ஏதாவது இருக்கா?"

மெஷினின் சக்கரத்தில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. "ஏன், என்ன?"

"நேத்து வண்டிய ஸ்டாண்டுல போட வந்தார். அப்படியே கைவிட்டு அந்தப் பக்கம் விழுந்துருச்சு. ஈரத் தரை, வழுக்கிருச்சுன்னார். தரை காஞ்சுதான் கெடந்துச்சு. அப்புறம் என் கைமேல கை வைக்கிறார்ல, அந்தக் கை..." நர்ஸ் தன் வலக்கையைப் பார்த்துக்கொண்டாள். "நான் வார்டுல பாத்திருக்கேன் அக்கா, இந்த மாதிரி. அதான் கேக்குறேன். உங்ககிட்ட கேட்டா தெரியும்னு வந்தேன். வார் சாக்குதான்."

வெளியே மழை வலுத்தது. தகரத்தில் விழுகிற சத்தத்தில் கொஞ்ச நேரம் எதுவும் பேசத் தேவையில்லாமல் போனது. அந்த நேரத்துக்குள் அவள் முடிவு செய்துவிட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. சரியாத் தூங்குறதில்ல அவர். மக படிப்பு, அது இதுன்னு யோசனை. தூக்கம் கெட்டா கை கொஞ்சம் உதறும். டாக்டர்கிட்ட காட்டிட்டோம்."

"காட்டிட்டீங்களா? என்ன சொன்னாங்க?"

"சத்து மாத்திரை குடுத்திருக்காங்க. சரியாயிரும்னாங்க."

நர்ஸின் முகம் தெளிந்தது. அதுதான் பிற்பாடு தையல்காரியைத் தூங்கவிடாமல் செய்தது. அந்தப் பெண் நம்பிவிட்டாள். "அப்பாடா, நான் வேற என்னென்னமோ நெனைச்சுட்டேன். வேற இடத்துல சேரலாமான்னுகூட யோசிச்சேன். ஆனா மாஸ்டர் மாதிரி சொல்லிக்குடுக்க ஆள் ஏது?" என்று எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வார் நல்லா இருக்குக்கா. இனிமே நானே அறுத்தாலும் இது அறுந்துபோகாது."

அதற்கு நான்கைந்து நாள் கழித்து மழை விட்டு வெயில் அடித்தது. மாஸ்டர் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போயிருந்தார். ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டி, டீயை ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு அவள் கிடங்குக்குப் போனாள். சிமெண்டுத் தரையில் அங்கங்கே தண்ணீர் தேங்கிக் கண் கூசியது. அடுத்து ஓட்டவேண்டிய மூன்று நான்கு பேர் மதில் நிழலில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் பின்னால் உட்கார்ந்து வழக்கம்போல இரு கையையும் நீட்டி அவள் கைகளின் மேல் வைத்திருந்தார்.

ஒரு சுற்று நன்றாக வந்தார்கள். இரண்டாவது சுற்றில் திரும்பும் இடத்தில் வண்டி வேகம் குறையவில்லை.

"மாஸ்டர், விடுங்க" என்று நர்ஸ் சொல்வது கேட்டது. சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு, "கைய எடுங்க மாஸ்டர்! கைய எடுங்க!" என்று கத்தினாள். என்ஜின் வீறிட்டது. மாஸ்டரின் முகம் தையல்காரிக்கு நேராகத் தெரிந்தது. அவர் தன் வலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறு யாருடைய கையோ என்பது போல. அந்தக் கை ஆக்ஸிலரேட்டரை, அந்தப் பெண்ணின் விரல்களோடு சேர்த்து, முறுக்கிப் பிடித்தபடி உறைந்திருந்தது. விட முடியவில்லை அவரால்.

வண்டி மதிலில் சாய்வாக மோதி, அதை உரசிக்கொண்டே கொஞ்ச தூரம் போய் விழுந்தது. மாஸ்டர் தூரப் போய் விழுந்தார். நர்ஸின் வலக்கை பிரேக் லீவருக்கும் மதிலுக்கும் நடுவில் இருந்தது.

எல்லாரும் ஓடினார்கள். அவளும் ஓடினாள். ஃபிளாஸ்க் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. நர்ஸ் அழவில்லை. தன் கையைத் தூக்கிப் பிடித்து, மற்ற கையால் மணிக்கட்டை இறுக்கி, "துணி குடுங்க, சுத்தமான துணி" என்றாள், வார்டில் பேசுகிற குரலில். பிறகுதான் மயங்கினாள்.

"பயத்துல முறுக்கிடுச்சு பாவம்" என்றார் ஒருவர்.

"புதுசா ஓட்டுறவங்க எல்லாருக்கும் வர்றதுதான். பிரேக் புடிக்கிறதுக்குப் பதிலா முறுக்கிருவாங்க" என்றார் இன்னொருவர்.

மாஸ்டர் தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் ரத்தம். அவர் அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். இருவருமே அந்தப் பேச்சை மறுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அவள்தான் கூடப் போனாள். ஆபரேஷன் முடிந்து வார்டுக்குக் கொண்டுவரும்வரை வராந்தா பெஞ்சிலேயே இருந்தாள். மூன்று விரலில் நரம்பு அறுந்துவிட்டது, தைத்திருக்கிறார்கள், ஆனால் முன்போல மடங்காது என்று சொன்னார்கள். நர்ஸின் புருஷன் வந்து சேர்ந்தான். நல்ல உயரம், இஸ்திரி கலையாத சட்டை. மனைவியின் பக்கத்தில் போய் நின்றதுமே ஆரம்பித்தான்.

"வேணாம் வேணாம்னு எத்தனை தடவை சொன்னேன்? கேட்டியா? எல்லாம் தெரியும்ங்கிற திமிரு. இப்ப யாருக்கு நஷ்டம்? ஊசி போடுற கைய ஒடிச்சுக்கிட்டு வந்து படுத்திருக்க."

நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டே கிடந்தாள். அவன் மருந்து வாங்க வெளியே போனதும் கண்ணைத் திறந்து தையல்காரியைப் பார்த்தாள். மயக்கம் முழுதும் தெளியாத கண்.

"நான் உங்ககிட்ட கேட்டேன்ல அக்கா" என்றாள்.

அவ்வளவுதான். திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. யாரோ வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். மாஸ்டர் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அடியில் கட்டியிருந்த வாரை அவிழ்க்க முயன்றுகொண்டிருந்தார். விரல்கள் வாரைப் பிடிக்கவே இல்லை. பிடித்தால் நழுவின. எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தாரோ தெரியவில்லை.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாரை அவிழ்த்தாள். சட்டையை உருவினாள். வெளியே ரெக்ஸின் கிழிந்து, ஃபோம் பிய்ந்து, மதிலின் சுண்ணாம்பு அப்பிக் கிடந்தது. உள்ளே டேங்க் கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்ததைப் போலவே பளபளவென்று இருந்தது.

மாஸ்டர் உள்ளங்கையால் அதைத் தடவிப் பார்த்தார். "ஒண்ணுமே ஆகல" என்றார். பிறகு அந்தப் பளபளப்பின் மேல் தலையை வைத்து, சத்தமில்லாமல் தோள் குலுங்க அழுதார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

"அந்தப் பொண்ணு கை?"

"மடங்காதாம்."

அவர் டேங்கிலிருந்து தலையை எடுத்தார். "நீ முதல்ல தைச்சப்ப ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பஞ்சு வச்ச. அப்புறம் வலப்பக்கம் மட்டும் இன்னொரு அடுக்கு வச்ச பாரு, அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுது. இவளுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு."

"அப்ப ஏங்க என்கிட்ட சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?"

அவள் அவிழ்த்த வாரை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"நீ கேக்குறதுக்குப் பதிலா பஞ்சு வச்ச. நானும் சரி, இவ தாங்கிக்கிறா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்னு இருந்துட்டேன். டாக்டர்கிட்டகூடத் தனியாப் போனேன். நோயோட பேரச் சொன்னார். இது போகாது, கூடிக்கிட்டேதான் போகும்னார். வண்டிய விட்டுருங்கன்னார். சரின்னு தலையாட்டிட்டு நேரா கிடங்குக்குத்தான் போனேன்."

"அவ என்கிட்ட வந்து கேட்டா."

"யாரு?"

"நர்ஸ். உங்க கையப் பத்திக் கேட்டா. டாக்டர்கிட்ட காட்டிட்டோம், ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்." கிழிந்த ரெக்ஸினை அவள் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நான் சொன்னத நம்பித்தான் அவ மறுபடியும் வந்து உங்க வண்டியில ஏறினா."

மாஸ்டர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அவர் வண்டியின் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். "நாளைக்குப் போய்ச் சொல்லிரலாம். அந்தப் பொண்ணு மேல தப்பில்லன்னு அவ புருஷன்கிட்ட நான் என் வாயால சொல்லணும்."

மறுநாள் காலை அவள் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். முதல்முறையாக அவர் ஜன்னல் பக்கம் திரும்பாமல் அவளுக்கு நேராக நின்றார். மகள் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பாவுக்கு என்னம்மா?" என்றாள். "வந்து சொல்றேன்" என்றாள் அம்மா.

வார்டில் நர்ஸுக்குத் தலையணை வைத்து உயர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். கட்டுப் போட்ட கை வயிற்றின் மேல் இருந்தது. கூட வேலை பார்க்கிற இரண்டு பெண்கள் கால்மாட்டில் நின்றிருந்தார்கள். புருஷன் ஜன்னலோரம் நாற்காலியில்.

"வாங்க மாஸ்டர்" என்று எழுந்தான் அவன். மரியாதையாகத்தான் எழுந்தான்.

மாஸ்டர் உட்காரவில்லை. "தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நேத்து முறுக்கினது உங்க வீட்டுக்காரம்மா இல்ல. நான்தான். என் கை மரத்துப்போய் அப்படியே புடிச்சுக்கிச்சு. அவங்க விடச் சொல்லிக் கத்தினாங்க. என்னால விட முடியல. எனக்கு நோய் இருக்கு. மறைச்சுட்டேன்."

அவன் ஒரு நிமிடம் அவரையே பார்த்தான். பிறகு லேசாகச் சிரித்தான்.

"நீங்க பெரிய மனுஷன் மாஸ்டர். அவ மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பழிய உங்க மேல போட்டுக்கிறீங்க. எனக்குத் தெரியாதா இவளப் பத்தி? வீட்டுல பால் பொங்கினாலே பதறுவா. அங்க இருந்தவங்க எல்லாரும் சொல்லிட்டாங்க, பயத்துல முறுக்கிட்டான்னு."

"இல்ல தம்பி..."

"விடுங்க மாஸ்டர். உங்களுக்கும் அடிதானே. நீங்க போய் ரெஸ்ட் எடுங்க. இவளுக்கு இனிமே வண்டி ஆசை வராது, அந்த வரைக்கும் நல்லதுன்னு நெனைச்சுக்கிறேன்."

மாஸ்டர் தன் வலக்கையை நீட்டினார், ஆதாரம் காட்டுகிறவர் போல. ஆனால் நீட்டிப் பிடித்த கை அந்தச் சமயம் பார்த்து அவ்வளவாக நடுங்கவில்லை. சும்மா கிடக்கும்போதுதான் அது ஆடும். அவன் அதைக் கும்பிட வந்த கை என்று நினைத்து, பதறிப்போய்த் தன் இரு கையாலும் பிடித்து இறக்கிவிட்டான்.

நர்ஸ் அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. தையல்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் சொல்றது நெசம்" என்றாள் தையல்காரி. சொல் பாதிதான் வெளியே வந்தது. இன்னொரு தடவை சொன்னாள். "அவர் சொல்றது நெசம். நான் அங்க நின்னு பாத்தேன். எனக்கு நோயும் முன்னாலயே தெரியும். இவங்க வீடு தேடி வந்து என்னக் கேட்டாங்க. பொய் சொல்லி அனுப்பிட்டேன்."

கால்மாட்டில் நின்ற பெண்களில் ஒருத்தி மற்றவள் கையைப் பிடித்தாள். புருஷனின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அவன் மனைவியைப் பார்த்தான். ஒரு ராத்திரி முழுக்கப் பேசிய பேச்சையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தேடுகிற பார்வை. அவன் வாயைத் திறந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இப்ப எதுக்குக்கா சொல்றீங்க?" என்றாள் நர்ஸ், சுவரைப் பார்த்தபடி. குரலில் கோபமே இல்லை. "யாருக்காக?"



நர்ஸுக்குத் தாகம் எடுத்தது போலிருக்கிறது. மேசையிலிருந்த டம்ளரை எடுக்கப் பழக்க தோஷத்தில் கட்டுப் போட்ட கையைத் தூக்கினாள். பாதியில் நின்றது. கை காற்றில் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. தையல்காரி ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"நீங்க போங்கக்கா" என்றாள் நர்ஸ்.

இருவரும் வெளியே வந்தார்கள். வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் ஒன்று போனது. ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். படிக்கட்டு முனையில் மாஸ்டர் நின்றுவிட்டார். கால் எடுத்து வைக்க வரவில்லை. கீழே இறங்குகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவன் "வழியில நிக்காதீங்க பெரியவரே" என்றான். மாஸ்டரை அதுவரை யாரும் பெரியவரே என்று கூப்பிட்டதில்லை.

"என்னங்க?"

"கால் வரமாட்டேங்குது. நீ ஒரு படி முன்னால இறங்கு. நான் புடிச்சுக்கிறேன்."

அவள் ஒரு படி இறங்கி நின்றாள். அவர் வலக்கையை அவள் தோளில் வைத்தார். முதலில் அது கனமாக, அசையாமல் இருந்தது. பிறகு ஆட ஆரம்பித்தது. அவள் தோளும் அதோடு சேர்ந்து ஆடியது. அடுத்த படியில் கால் வைத்து, அவர் கால் வருகிறதா என்று காதைக் கொடுத்தபடி நின்றாள். வந்தது. இன்னும் ஒரு படி இறங்கினாள்.